பார்பார் தேன் பீர்: பொறுமையாகக் குடிக்க வேண்டியது

பிரஸ்ஸல்ஸுக்கு வந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. லேபிளில் தேன் என்று இருந்தால் அந்தப் பாட்டிலை எடுத்துப் பார்க்காமல் நகர மாட்டேன். தாத்தா கொல்லிமலையிலிருந்து கொண்டுவரும் தேனைக் குடித்து வளர்ந்தவள் நான். அடையோடு பிழிந்த தேனுக்கு ஒரு மெழுகு வாசம் இருக்கும், அதைத்தான் ஒவ்வொரு பாட்டிலிலும் தேடுகிறேன்.

போன மாதம் ஒரு மதுக்கூடத்தில் குடித்த தேன் பீரில் உதடே ஒட்டிக்கொண்டது. பாகு ஊற்றிக் கலக்கியது போல ஒரே தித்திப்பு. பாதியில் வைத்துவிட்டேன்.

பார்பார் வேறு ரகம். கல் குவாரிகளுக்குப் பேர்போன கெனாஸ்ட் என்ற ஊரில் 1876 முதல் இருக்கும் லெஃபெவ்ர் ஆலையின் பீர் இது. 33 சென்டிலிட்டர் பாட்டில், ஆல்கஹால் 8 சதவீதம்.

முதல் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினேன். பொன்னிறம், லேசான கலங்கல், மேலே கெட்டியான வெள்ளை நுரை. ஆனால் ஜில்லிப்பைத் தவிர நாக்கில் எதுவும் தெரியவில்லை. கிளாஸை அப்படியே வைத்துவிட்டுக் குழம்பு தாளிக்கப் போனேன். கால் மணி நேரம் கழித்து வந்து மூக்கருகே கொண்டுபோனால், அந்த மெழுகு வாசம்! கூடவே வறுத்த கொத்தமல்லி விதை, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். விழுங்கிய பிறகு தொண்டையில் தேன் சாப்பிட்ட இதம் நிற்கிறது, தித்திப்பு நிற்கவில்லை.

தேன் பீர் என்றால் இனிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை, பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். ஈஸ்ட் இரண்டையும் மிச்சமில்லாமல் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். மால்ட்டில், அதாவது பீர் காய்ச்சும் முளைகட்டி உலர்த்திய பார்லியில், அப்படி இல்லை, ஈஸ்ட்டால் தின்ன முடியாத மாவுச்சத்துத் துணுக்குகள் கொஞ்சம் மிஞ்சும், பீருக்குக் கனம் தருவது அதுதான். ஆக, தேனைக் கூட்டிக்கொண்டே போனால் பீர் மெலிந்து போகும். பார்பாரில் அந்த மெலிவு இல்லை. மால்ட்டும் தேனும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வாசத்தைக் காப்பாற்றியதுதான் காய்ச்சியவரின் கைத்திறன்.

ஊரில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் குடித்தவர்களுக்குத் தொண்டை எரிச்சல் தெரியும். இதில் எரிச்சலே இல்லை, அதனாலேயே கவனம் வேண்டும். ஒரு பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால் அதே அளவுள்ள சாதாரண 4 சதவீத பீர் இரண்டு பாட்டிலுக்குச் சமம். வெயில் மதியத்தில் தாகத்துக்குக் குடிக்க இதை எடுக்க மாட்டேன். சாப்பாடு முடிந்து, பழைய கௌடா சீஸ் இரண்டு துண்டோடு, இரவு ஒன்பது மணிக்கு மேல் நிதானமாக உட்கார்ந்தால் அருமை. அந்தச் சீஸின் உப்பு தேனை இன்னும் வெளியே கொண்டுவருகிறது.

நேற்று இன்னும் நான்கு பாட்டில் வாங்கி, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அக்காவும் மாமாவும் வருகிறார்கள். மாமா ஐஸ் மாதிரி இருந்தால்தான் பீர் என்பார். அவருக்கு ஊற்றுவதற்கு இருபது நிமிடம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிடுவேன்.