பெயரா, உறுப்பா? கலிபோர்னியாவின் துப்பாக்கிக் கணக்கு

ஸ்டாக்டன் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு 1989-இல் கலிபோர்னியா பிடித்த வழி சுலபமானது. தடைசெய்யும் ‘தாக்குதல் ரக’ (assault weapon) துப்பாக்கிகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டார்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். பட்டியலைப் புரட்டினால் போதும், குழப்பமில்லை. ஆனால் தயாரிப்பாளர்கள் அதே சாமானுக்கு வேறு பெயர் வைத்தார்கள். பட்டியலில் இல்லாத ஏகே வகைத் துப்பாக்கியை நீதிமன்றமே அதில் சேர்த்துக்கொள்ள முடியாது என்று 2001-இல் ஹாரட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சரி, 2000 முதல் அமலான இன்னொரு வழி உறுப்புகளைப் பார்த்தது: கழற்றக்கூடிய மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி), கூடவே துருத்திய கைப்பிடியோ, தோளில் அண்டக்கொடுக்கும் மடக்குக் கட்டையோ. பெயர் மாற்றி இதில் தப்ப முடியாது. தப்ப வைத்தது ‘புல்லட் பட்டன்’. விரல் நுழையாத சிறு குழிக்குள் ஒரு தோட்டாவின் முனையை வைத்து அழுத்தினால் மேகசின் கையோடு வந்துவிடும். ஆனால் அதற்குக் கருவி தேவை என்பதால், சட்டப்படி அது ‘கழற்றக்கூடியது’ அல்லவாம்! இந்த ஓட்டையை அடைக்கும் சட்டம் 2016-இல்தான் வந்தது. அப்புறம் புல்லட் பட்டன் துப்பாக்கிகளையும் பதிவு செய்யச் சொன்னார்கள்.

சாதாரண உரிமையாளருக்குப் பட்டியல்தான் நிம்மதி. சட்டத்தின் நோக்கத்துக்கு உறுப்புக் கணக்கே பொருத்தம் என்பேன், வக்கீல் செலவு கூடினாலும்.