மலையில்லாத நாட்டில் மவுண்டன் பைக்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

நெதர்லாந்தில் இருந்துகொண்டு மவுண்டன் பைக் வாங்குவது தண்டச்செலவு என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைக்காக வந்து ஆமர்ஸ்ஃபோர்ட்டில் குடியிருக்கிறேன். சில ஆண்டுகளாகவே வாரக்கடைசி என்றால் பெரும்பாலும் காட்டுப்பாதைதான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கும் சுகம்தான் வேண்டும் என்றால் இங்கே ஏமாந்துபோவீர்கள். வளைந்து வளைந்து, மூச்சு வாங்க வாங்க மிதித்துக்கொண்டே இருக்கப் பிடிக்குமென்றால், வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இப்படி ஒரு வசதி வேறெங்கும் எனக்குக் கிடைத்திருக்காது.

உயரக் கணக்கைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாட்டின் ஐரோப்பியப் பகுதியில் மிக உயர்ந்த இடம், தென்கோடியில் பெல்ஜியமும் ஜெர்மனியும் வந்து சேரும் வால்ஸர்பெர்க். அதுவே 322 மீட்டர்தான். நான் வழக்கமாக ஓட்டும் உட்ரெக்ட் மாகாணத்து ஹியூவல்ருக் மேட்டின் உச்சி, ஆமெரோங்கன் ஊருக்கு அருகே, 69 மீட்டர். ஏறத் தொடங்கி நன்றாக மூச்சு வாங்கும்போது ஏற்றம் முடிந்துவிடும். இந்த மேடும்கூட மலை உருவாகும் விதத்தில் உருவானதல்ல. சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்தில் வடக்கிலிருந்து இறங்கி வந்த பனிப்பாளம், ரைன், மாஸ் ஆறுகள் கொண்டுவந்து கொட்டியிருந்த மணலையும் கூழாங்கல்லையும் புல்டோசர் மாதிரி தள்ளிக் குவித்துவிட்டுப் போனது. அதனால் பாறை என்பதே கிடையாது. சக்கரத்துக்கு அடியில் இருப்பது மணல், பைன் ஊசிகள், வேர்கள், அவ்வளவுதான்.

காட்டைப் பார்த்து ஆதிகாலத்துக் காடு என்று நினைத்துவிட வேண்டாம். நூற்றாண்டுக் கணக்கில் ஆடு மேய்த்து, மேல்மண்ணை வெட்டி வயலுக்குக் கொண்டுபோய், கடைசியில் வெறும் புதர்நிலமும் பறக்கும் மணலுமாகக் கிடந்த இடங்கள் இவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கெல்லாம் பைன் மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். ஸ்டாட்ஸ்போஸ்பெஹேர் எனும் அரசு வனத்துறை 1899இல் அமைந்ததும் அந்த வேலை வேகம் பிடித்தது. பறக்கும் மணலை அடக்குவது ஒரு நோக்கம். தெற்கே லிம்பர்க் மாகாணத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கூரைக்கு முட்டுக் கொடுக்க மரம் வேண்டியிருந்தது இன்னொன்று. சுரங்கங்களை எப்போதோ மூடிவிட்டார்கள். வரிசையாக நட்ட மரங்கள் மட்டும் இன்னும் பல இடங்களில் அப்படியே நிற்கின்றன.

பாதை அமைப்பவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிவது அந்த வரிசைகளுக்கு நடுவில்தான். உயரம் கிடையாது, இடமும் குறைவு. ஆகவே ஒரு சின்னத் துண்டுக் காட்டுக்குள்ளேயே பாதையை மடித்து மடித்துப் போட்டிருப்பார்கள். பத்தடி தள்ளி, மரங்களுக்கு அந்தப் பக்கம், எதிர்த்திசையில் ஒருவர் போவது தெரியும். அவர் நம்மைவிட ஐந்து நிமிடம் முன்னால் இருப்பார். வளைவில் வெளிப்பக்கம் மண்ணை அணைத்துச் சாய்வு கட்டி, தோண்டிய குழியை ஒரு சின்ன இறக்கமாக்கி, விழுந்த மரத்தை ஏறித் தாண்டும்படி விட்டு வைத்து, மேடில்லாத இடத்தில் மேடு பள்ளத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். இதில் பெரும்பகுதி தன்னார்வலர்களின் உழைப்பு. குளிர்காலச் சனிக்கிழமைகளில் மண்வெட்டியோடு நிற்பவர்களைப் பார்க்கலாம்.

மலையில் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே வந்து திணறுவதற்குக் காரணம் உண்டு. மலையில் ஏறி முடித்தால் இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கும். இங்கே ஓய்வே இல்லை. வளைவுக்குள் வேகம் குறையும், வெளியே வந்ததும் மறுபடி அழுத்தி மிதித்து வேகம் எடுக்க வேண்டும். மூன்று நொடியில் அடுத்த வளைவு. 20 கி.மீ. சுற்று முழுக்க இதே கதைதான். இதயத்துடிப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டினால், பெல்ஜியத்தின் ஆர்டென்ஸ் மலைப்பக்கம் போய் ஓட்டிய நாட்களைவிட இங்கே சராசரி அதிகமாகக் காட்டுகிறது. மவுண்டன் பைக்கில் ஆண்களுக்கான முதல் ஒலிம்பிக் தங்கத்தை 1996 அட்லாண்டாவில் வென்ற பார்ட் பிரெண்ட்யென்ஸ் டச்சுக்காரர். 2024இல் பெண்களுக்கான கிராஸ் கன்ட்ரி (காட்டுப்பாதைச் சுற்றுப் பந்தயம்) உலகப் பட்டம் வென்ற புக் பீட்டர்ஸ எங்கள் ஆமர்ஸ்ஃபோர்ட்டில் பிறந்தவர். தட்டை நாட்டிலிருந்து இவர்கள் எப்படி வந்தார்கள் என்று ஆச்சரியப்படுபவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹியூவல்ருக்கின் ஸைஸ்ட் பாதையில் உள்ளூர்ப் பையன்களின் பின்னால் ஓட்டிப் பார்க்கட்டும்.

எந்தப் பாதை எப்படி என்று கேட்பார்கள். ஸைஸ்டும் பக்கத்து ஆஸ்டர்லிட்ஸும் வேகமான, ஓடிக்கொண்டே இருக்கும் பாதைகள், புதியவர்களுக்கும் ஒத்துவரும். நெப்போலியன் காலத்தில், 1804இல், பிரெஞ்சுத் தளபதி மார்மோன் தன் சிப்பாய்களைச் சும்மா இருக்க விடாமல் மண்ணால் கட்டவைத்த 36 மீட்டர் பிரமிடு இந்தப் பக்கம்தான். நெதர்லாந்தில் உயரம் வேண்டுமென்றால் கட்டித்தான் ஆகவேண்டும் போல. கிழக்கே ஆமெரோங்கன், ரேனன் பக்கம் போனால் கதை மாறும். அங்கே ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் செங்குத்து. ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொடையைப் பிழிந்துவிடும். பழைய மணல் குவாரியான க்வின்டலோயன் அருகிலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். ஸைஸ்டில் கிடைக்காத ஒரு முரட்டுத்தனம் இங்கே இருக்கிறது.

வடமேற்கில் ஸ்கோர்ல் தனி ரகம். நாட்டிலேயே உயரமான மணற்குன்றுகள், 50 மீட்டருக்கும் மேல், அதன்மேல் பைன் காடு, மறுபக்கம் வடகடல். மணல் ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்காமல் ஏறுவது ஒரு கலை. ட்ரெந்தே மாகாணத்தின் காஸல்டே பக்கம் மேடு இன்னும் குறைவு, கூட்டமும் குறைவு, காடு பெரிது; மனசு சரியில்லாத நாளில் அங்கே போவேன். ஃப்ளேவோலாந்தில் ஸேவோல்டே அருகே ஹோர்ஸ்டர்வோல்ட் காட்டில் ஓட்டும்போது ஒரு விசித்திரம் உண்டு. 1968 வரை அந்த இடம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. இன்றும் கடல் மட்டத்துக்குக் கீழேதான். ஆனால் அங்கே களிமண். மழைக்குப் பிறகு போனால் டயர் சுற்றாது, சேறு அப்பிக்கொண்டு சைக்கிள் சட்டத்தில் உரசும். கோடைக்கு மட்டும் சரிப்படும்.

மணல் பாதைகளுக்கு நேர்மாறான கணக்கு. நல்ல மழை பெய்த மறுநாள்தான் அவை உச்சத்தில் இருக்கும். மணல் இறுகி, டயர் கவ்விப் பிடிக்கும். ஜூலையில் மூன்று வாரம் மழை இல்லையென்றால் வளைவெல்லாம் பொடி மணல், முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். மழை நாட்டில் வந்து மழைக்காகக் காத்திருக்கும் கூட்டம் எங்களுடையதுதான். இலையுதிர்காலத்தில் ஈர இலைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் வேர் ஆளைச் சாய்க்கும். உறைபனி நாட்களில் தரை சிமெண்ட் போல் இறுகிக் கிடக்கும், ஓட்ட அருமையாக இருக்கும். பனி இளகத் தொடங்கும் நாட்களில் மேலே குழம்பும் கீழே உறைந்த தரையுமாக இருப்பதால், ஓட்டினால் பாதை உழுத வயலாகிவிடும். அப்போது சில பாதைகளை மூடிவிடுவார்கள். மூடாவிட்டாலும் போகாமல் இருப்பதுதான் மரியாதை.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். 29 அங்குலச் சக்கரம், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில், இதற்கு மேல் இங்கே தேவையில்லை. பின் சஸ்பென்ஷனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை நல்ல சக்கரத்துக்கும் டயருக்கும் போடுங்கள் என்பேன். டயரில் பெரிய பெரிய பற்கள் வேண்டாம்; வேகமாக உருளும் ரகம் போதும். ட்யூப்லெஸ் போட்டுக் காற்றைக் குறைத்து வைத்தால் மணலும் வேரும் தரும் தொல்லை பாதியாகிவிடும். ஹேண்டில்பார் ரொம்ப அகலமாக இருந்தால் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே விரல் நசுங்கும். நான் இரண்டு பக்கமும் கொஞ்சம் அறுத்துவிட்டேன்.

உண்மையான செலவு மணலால் வருகிறது. ஈர மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். செயின் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நீளும்; கவனிக்காமல் விட்டால் பின் பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும். பிரேக் பேட் குளிர்காலத்தில் கரைந்துபோகும். பெடல் அச்சின் பேரிங்கில் கரகரவென்று சத்தம் கேட்க ஆரம்பித்தால் பட்ஜெட் போட வேண்டியதுதான். கெட்டியான எண்ணெய் போட்டால் மணல் ஒட்டிக்கொள்கிறது என்பதால் இப்போது செயினுக்கு மெழுகு. சத்தம் அடங்கியது, ஆயுளும் கூடியது. அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பழக்கம் மட்டும் கூடாது. பேரிங்குக்குள் மணலை நாமே தள்ளிவிடுவோம்.

அடுத்து விதிகள். இங்கே கண்ட இடத்தில் காட்டுக்குள் சைக்கிளை விட முடியாது. முக்கோணமும் இரண்டு வட்டமும் போட்ட பலகை உள்ள பாதையில்தான் போகலாம், அதுவும் ஒரே திசையில். பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு என்று கடினத்தை நிறத்தில் காட்டுவார்கள். ஆல்ப்ஸில் சிவப்பு ஓட்டியவருக்கு இங்கத்திய சிவப்பு பயம் தராது. பல காடுகளில் சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்பும் மட்டும்தான் அனுமதி. டிசம்பரில் அலுவலகம் முடித்து ஓடிவந்தால் கதவு சாத்தின மாதிரிதான். ஹியூவல்ருக்கிலும் ஸ்கோர்லிலும் கட்டணம் கட்டி ஒட்டுவில்லை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். காட்டில் ஓட்டுவதற்குக் காசா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பாதையின் தரத்தைப் பார்த்தால் எனக்கு அந்தப் பணம் வலிக்கவில்லை.

எனக்கு வலிப்பது கூட்டம்தான். வெயிலடிக்கும் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸைஸ்ட் பாதை நெடுஞ்சாலை ஆகிவிடும். பின்னால் வருபவர் பெல் அடித்தே பொறுமையைச் சோதிப்பார். அதே காட்டில் குதிரைக்காரர்களுக்குத் தனித் தடம், நடப்பவர்களுக்குத் தனித் தடம். இவை குறுக்கிடும் இடத்தில் வேகத்தைக் குறைத்து வாய்திறந்து வணக்கம் சொன்னால் எல்லாம் சுமுகம். குதிரை மனிதக் குரல் கேட்டால் மிரளாது என்று ஒரு பெண்மணி சொல்லித்தந்தார், அது சரியாகத்தான் இருக்கிறது.

பூச்சி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை உண்ணி இருக்கும், அது லைம் நோயைப் பரப்பும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பார்த்துவிட வேண்டும். மே கடைசியிலிருந்து ஓக் மரங்களில் ஒரு கம்பளிப்பூச்சி கூட்டம் கூட்டமாக ஊரும். அதன் மெல்லிய முடி காற்றில் பறந்துவந்து பட்டாலே உடம்பெல்லாம் அரிப்பு. ஓநாயும் திரும்பி வந்திருக்கிறது. 2019இல் நாட்டின் நடுப்பகுதியில் உள்ள வேலுவே காட்டில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு குட்டிகள் பிறந்தன. ஹியூவல்ருக்கில் குழந்தைகளை ஓநாய் நெருங்கிய சம்பவங்களுக்குப் பிறகு, சிறுபிள்ளைகளோடு காட்டுக்குப் போவதைத் தவிர்க்கும்படி மாகாண நிர்வாகம் அறிவுறுத்தியது. பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் கிளம்பும் முன் அப்போதைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ரயிலில் சைக்கிளுக்குத் தனி நாள் சீட்டு எடுத்தால் போதும். வேலைநாட்களில் காலை 6:30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6:30 வரையும் ஏற்ற விடமாட்டார்கள். வாரக்கடைசியிலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் இந்தத் தடை கிடையாது. ஆனால் ஒரு பெட்டியில் சைக்கிள் வைக்கும் இடம் மிகக் குறைவு. வெயில் நாளென்றால் ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள், திரும்பும்போது கூட்டம் குறைய ஒரு காபியும் க்ரீம் போட்ட ஆப்பிள் கேக்கும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். காட்டோரக் கடைகளில் சேற்றுக் காலோடு உள்ளே வந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.