வண்ணார்பேட்டை சர்வீஸ் கடையில் போட்ட 8 எம்பி கணக்கு

பாளையங்கோட்டையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டின் (திரையில் படம் காட்டும் கார்டு) டிரைவரை, அதாவது அதை இயக்கும் சாஃப்ட்வேரை, மாற்றிப் போட்டதிலிருந்து படத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் கன்னமும் அப்படித்தான். கார்டு வாங்கிய கடையில் கேட்டால், "கார்டுல 1 ஜிபி மெமரி பத்தாது, 4 ஜிபி போடுங்க" என்றார்கள்.

மனசு கேட்காமல் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வண்ணார்பேட்டையில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். திரை 1920 x 1080 என்றால் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 32 பிட், அதாவது 4 பைட். (நிறத்துக்கு அதில் 24 பிட்தானாம்.) மொத்தம் சுமார் 8 எம்பி. "திரையில நிறம் காட்ட இவ்வளவுதான் அண்ணாச்சி. மிச்ச மெமரியெல்லாம் கேமு, வீடியோவுக்குத்தான்."

அப்புறம் திரையின் நிற செட்டிங்கைத் திறந்தால் 16 பிட்டில் நிற்கிறது! வெறும் 65,536 நிறம். 32-க்கு மாற்றியதும் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். மாப்பிள்ளையின் கன்னம் வழுவழுவென்று ஆகிவிட்டது.

கூலி 200 ரூபாய். ஒரே குறை, கடை திறக்கவே 11.30 ஆகிவிடுகிறது. அதுவரை சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.