பாதாளக் கரண்டி இல்லாத நிஞ்ஜா

ரிச்சி தெருவில் ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சார்ஜர்களும் மெமரி கார்டுகளும் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு அடியில் 'டென்ச்சூ' என்று எழுதிய ஒரு மூலை மட்டும் தெரிந்தது. எடுத்துக் காட்டச் சொன்னேன். 'டென்ச்சூ: ஷேடோ அசாசின்ஸ்', ஜப்பானிய நிஞ்ஜா வீடியோ கேம் வரிசையில் ஒன்று. பி.எஸ்.பி. என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் போடும் யு.எம்.டி. என்ற சின்னத் தட்டு. கடைக்காரர் 800 சொன்னார், 650க்கு இறங்கி வந்தார். "இதெல்லாம் இப்ப யாரும்மா ஆடுறாங்க?" என்றும் கேட்டார்.

நான் ஆடுகிறேன். ஊருக்கு மாற்றலாகிப் போன அண்ணன் விட்டுச் சென்ற பி.எஸ்.பி. பீரோவில் சும்மாதான் கிடந்தது. 2009இல் வந்த விளையாட்டுக்கு இப்போது விமர்சனம் எழுதுவது கொஞ்சம் அபத்தம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் 650 ரூபாய் என் காசு, ஆற்றாமையும் என்னுடையது.

இந்த ஆற்றாமை புரிய வேண்டுமென்றால் முதல் டென்ச்சூவைச் சொல்ல வேண்டும். 1998 பிப்ரவரியில் ஜப்பானில் வந்தது. அதே செப்டம்பரில் 'மெட்டல் கியர் சாலிட்', அந்த ஆண்டு முடிவதற்குள் 'தீஃப்'. பதுங்கிப் பதுங்கி ஆடும் முப்பரிமாண விளையாட்டுக்கு இன்று நாம் வைத்திருக்கும் இலக்கணமெல்லாம் அந்த ஒரே வருடத்தில் வந்ததுதான். மூன்றில் டென்ச்சூதான் மூத்தது.

எங்கள் வீட்டுக்கு அது 2001இல் வந்தது. அப்பாவுக்கு ஐ.சி.எஃப்.பில் வேலை, வில்லிவாக்கம் பக்கம் குடியிருப்பு. அண்ணன் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்ததற்குப் பரிசாக பர்மா பஜாரில் யாரோ ஆடித் தேய்த்த பிளேஸ்டேஷன் ஒன்று வாங்கினோம். காப்பி சி.டி.யும் ஓடுவதற்குச் சிப் போட்டது. லென்ஸ் ஓய்ந்துபோயிருந்ததால் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் சி.டி. ஓடும். கூட வந்த நான்கு சி.டி.யில் ஒன்று டென்ச்சூ.

ஆட்டத்தில் இரண்டு நிஞ்ஜாக்கள்: அண்ணன் ரிக்கிமாரு, நான் அயாமே. அவனுக்கு ஒற்றை வாள், எனக்கு இரட்டைக் குறுவாள். ஒருவர் ஆடும்போது மற்றவர் திரையின் கீழே 'கி' எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காவலாளி நெருங்க நெருங்க அந்த எண் ஏறும். கேள்விக்குறி என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறான், நம்மைப் பார்க்கவில்லை. ஆச்சரியக்குறி வந்தால் மாட்டினோம். "நாப்பது... அம்பத்தஞ்சு... அண்ணா, எண்பது, எண்பது!" என்று நான் கத்துவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி ஏதோ ஏலம் நடக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

பாட்டிக்கு அந்த விளையாட்டில் பிடித்தது கயிற்றுக் கொக்கி. கூரையைக் குறிபார்த்து எறிந்தால் மாட்டிக்கொள்ளும், ஆள் சர்ரென்று மேலே போய்விடுவான். "அட, நம்ம பாதாளக் கரண்டி!" என்றாள் பாட்டி. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் அதே சாமான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். அம்மாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. விஷம் கலந்த சோற்று உருண்டையைக் காவலாளிக்கு முன்னால் வீசும் கட்டத்தில், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "சோத்துல விஷம் வைக்கிறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்றாள்.

முதல் டென்ச்சூ குறையில்லாத விளையாட்டு என்று சொல்ல மாட்டேன். கேமரா சுவரில் முட்டி நிற்கும். பத்தடிக்கு அப்பால் எல்லாம் கும்மிருட்டு. அந்தப் பெட்டியின் சக்தி அவ்வளவுதான், ராத்திரி என்று சொல்லிச் சாமர்த்தியமாகச் சமாளித்தார்கள். காவலாளிகளுக்குக் கிட்டப்பார்வை. ஆனாலும் அதற்குள் ஒரு உயிர் இருந்தது. எச்சிகோயா என்ற கெட்ட வியாபாரியின் வீட்டுக்குள் புகும் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் ஒருவன் என்னைப் பார்த்துவிடுகிறான். ஓடுகிறேன். சுவர் ஓரம் திரும்பி, கரண்டியை எறிந்து, ஓட்டுக்கூரை மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறேன். கீழே அவன் தேடுகிறான், தேடுகிறான், சலித்துப் போய்த் தன் பழைய பாதைக்குத் திரும்புகிறான். இப்போது அவன் முதுகு என் பக்கம். குதிக்கிறேன்.

எத்தனை முறை கண்ணில் பட்டாலும் தண்டனை கடைசியில் போடும் மதிப்பெண்ணில்தான். 'கிராண்ட் மாஸ்டர்' பட்டம் கிடைக்காது, அவ்வளவே. செத்தால் மட்டும் பணி முதலிலிருந்து. கையோடு கொண்டுபோன சாமானும் போச்சு. அதனால் மாட்டிக்கொண்ட பிறகு தப்பிக்கும் அந்த அரை நிமிடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். குடியிருப்பில் ஐஸ் பாய் ஆடியவர்களுக்கு இது தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதில் என்ன இருக்கிறது, கொசுக்கடிதான். பார்த்துவிட்டான் என்று தெரிந்த பிறகு எடுக்கும் ஓட்டம்தான் ஆட்டமே.

சரி, புதியதற்கு வருகிறேன்.

முதல் இரண்டு டென்ச்சூவையும் செய்தது அக்வயர் என்ற நிறுவனம். மூன்றாவதிலிருந்து வேறு கைக்குப் போனது. 2008இல் நிண்டெண்டோவின் 'வீ' (Wii) பெட்டிக்கும் அடுத்த ஆண்டு பி.எஸ்.பி.க்கும் வந்த இந்த 'ஷேடோ அசாசின்ஸி'ல்தான் அக்வயர் திரும்பி வந்தது. பெற்ற தாயிடமே பிள்ளை வந்து சேர்ந்த மாதிரி என்று நம்பித்தான் பணத்தைக் கொடுத்தேன். கதையும் பழைய ஆட்களோடுதான். கோதா பிரபுவின் மகள் கிகுவை மறுபடியும் கடத்திவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல காவல் போட இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

காலை ரயிலில் ஆரம்பித்தேன். வில்லிவாக்கத்தில் ஏறினால் சென்ட்ரல் வரை, மகளிர் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால், அரை மணி நேரம் என்னுடையது. முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. நிழலில் நின்று பட்டனை அழுத்தினால் ஆள் இருட்டோடு கரைந்துவிடுகிறான். ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்குக் காற்று மாதிரிப் பாய்கிறான். மனக்கண் என்று ஒன்று, காவலாளியின் பார்வை எதுவரை போகிறது என்று வண்ணத்தில் காட்டுகிறது.

பெரம்பூர் கேரேஜ் தாண்டும்போது ஒருவன் பார்த்துவிட்டான். ஓடத் தயாரானேன். ஓட விடவில்லை. புகை ஒன்று கிளம்பியது, அந்தப் பகுதியின் தொடக்கத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்திவிட்டது. மறுபடியும் அதே நிழல், அதே புதர், அதே காவலாளி. இரண்டடி தள்ளி மாட்டினேன். மறுபடியும் தொடக்கம். பேசின் பிரிட்ஜில் வண்டி வழக்கம்போல சிக்னலுக்கு நின்றது. அங்கே நிற்கும்போதே மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, அதே எடத்துல நின்னுனு இருக்க?" என்று கேட்டார். ரயிலைச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

வாள் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. அப்போது திரை மாறி, நேருக்கு நேர் வாள் சண்டை வரும். எதிரி வெட்டப்போகும் கோணம் கோடாகத் தெரியும்; அதற்கு ஏற்றபடி தடுக்க வேண்டும். வீயில் ரிமோட்டையே வாள் மாதிரி சாய்த்துப் பிடித்து ஆட வைத்தது. அதற்காகவே யோசித்த சண்டை இது, பி.எஸ்.பி.க்கு வந்தபோது அந்தச் சாய்ப்பும் போய்விட்டது. மிஞ்சியது கோட்டைப் பார்ப்பது, தடுப்பது, கோட்டைப் பார்ப்பது, தடுப்பது. அந்த வாளும் தேய்ந்து உடைந்துவிடும். நிஞ்ஜா கையில் வாள் எப்போதும் இருக்காதாம். வழியில் கிடைத்தால் உண்டு. தையற்காரர் ஊசியைத் தெருவில் பொறுக்குவது போல.

அப்புறம் அந்தக் கரண்டி. இரண்டாம் நாள் மாலையில்தான் உறைத்தது. உயரமான சுவர் ஒன்றுக்குக் கீழே நின்றுகொண்டு எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைத்த கூரை மேல் கொக்கியை எறிந்து ஏறும் அந்த வசதியே இதில் கிடையாது. இஷ்டத்துக்குக் குதிக்கவும் முடியாது. எங்கே குதிக்கலாம் என்று விளையாட்டு முடிவு செய்திருக்கிறதோ அங்கேதான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, கரண்டி இல்ல."

"எந்தக் கரண்டி?"

"பாதாளக் கரண்டி. டென்ச்சூல."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "அப்புறம் கூரைக்கு எப்படிப் போவாங்க?" என்றான்.

"போக மாட்டாங்க."

கூரை போனதோடு ஓடுவதும் போய்விட்டது. ஓட முடியாது என்றால் ஒளிவதற்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சும். விளையாட்டைச் செய்தவர் மனதில் நினைத்த வழி. இந்த மெழுகுவர்த்தியை அணை, அவன் திரும்பும்வரை நில், அடுத்த நிழலுக்குப் பாய். சரியாகச் செய்தால் கதவு திறக்கும். இதைப் புதிர் என்று சொல்லி விற்றிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். புதிராகப் பார்த்தால் சில அறைகள் அழகாகவே பின்னப்பட்டிருக்கின்றன. குறிப்பாக வெளிச்சத்தை அணைத்து நமக்கான இருட்டை நாமே உண்டாக்கிக்கொள்வது நல்ல யோசனை. பின்னால் போய் ஒரே வீச்சில் முடிக்கும் காட்சிகளைக் கண்ணுக்கு விருந்து என்றே சொல்ல வேண்டும், ரத்தம்தான் கொஞ்சம் அதிகம். பக்கத்தில் குழந்தை உட்கார்ந்திருந்தால் நான் திரையைச் சாய்த்துக்கொள்வேன்.

வீ ரிமோட்டுக்காகத்தான் எல்லாவற்றையும் குறுக்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். காரணம் எதுவானாலும், இதற்குப் பிறகு வீட்டுப் பெட்டிகளுக்குப் புது டென்ச்சூ வரவே இல்லை. உரிமை ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2019இல் அவர்கள் செய்த 'செகிரோ' முதலில் டென்ச்சூவை மனதில் வைத்துத் தொடங்கிய யோசனை என்று அவர்களே சொன்னார்கள். அதை என் அக்கா மகன் வீட்டில் பத்து நிமிடம் ஆடினேன். பத்து நிமிடத்தில் ஆறு முறை செத்தேன். ஆனால் இடது கையிலிருந்து கொக்கி பாய்ந்து கோபுர விளிம்பில் மாட்டியபோது, "பாட்டி, பாத்தியா" என்று வாயில் வந்துவிட்டது. பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

வாங்கலாமா என்று கேட்டால், பழைய டென்ச்சூ ஆடாதவர்கள் 300 ரூபாய்க்குள் கிடைத்தால் வாங்கலாம். எதை இழந்தோம் என்று தெரியாதவரை கஷ்டமில்லை. ஆடியவர்கள் வேண்டாம். பதுங்கும் ஆசை விடவில்லை என்றால் 2012இல் வந்த 'மார்க் ஆஃப் தி நிஞ்ஜா' இருக்கிறது. பக்கவாட்டில் பார்க்கும் விளையாட்டுதான், ஆனால் கொக்கி உண்டு, மாட்டிக்கொண்டால் ஓடவும் விடுகிறது. ஆபீஸ் லேப்டாப் மாதிரி சாதாரணப் பெட்டியிலும் ஓடும், ஆபீசில் ஆடாதீர்கள்.

யு.எம்.டி.யைக் கடையில் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். 200 தருவதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ராத்திரி அண்ணனிடமிருந்து போன்.

"அந்தப் பழைய சி.டி. இருக்கா?"

"இருக்கு. பெட்டியும் பரண்ல இருக்கு."

"பொங்கலுக்கு வரேன். கவுத்து வை."