பேட்டன்ட் தபாலில் வந்தது, கோட்டிங் பேராசிரியரோடு வந்தது

சிலிக்கான் கார்பைடு துகள் கலந்த எலக்ட்ரோலெஸ் நிக்கல் கோட்டிங்குக்கு (மின்சாரம் இல்லாமல், வேதிக் கரைசலில் முக்கியே நிக்கல் ஏற்றும் முறை), ஒரு பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம் (கண்டுபிடிப்புகளைக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் பிரிவு) வழியாக லைசென்ஸ் வாங்கினோம். அலுவலகத்துக்கும் ஆராய்ச்சியாளருக்கும் தனித்தனியாகத்தான் மார்க் போட முடியும்.

அலுவலகத்துக்கு ஐந்துக்கு இரண்டு. ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்றக் கேட்டால் அது மேசை மேசையாகச் சுற்றி, நாமே மறந்தபிறகு திரும்பி வரும். கடைசியில் கைக்கு வந்தது பேட்டன்ட் நகலும் செயல்முறைக் குறிப்பும். குறிப்பில் தப்பு எதுவும் இல்லை: 88 டிகிரி, பிஎச் 4.8, லிட்டருக்கு இத்தனை கிராம் துகள். ஆனால் எல்லாமே பீக்கரில், காந்தக் கலக்கி சுழலும்போது எடுத்த அளவு. எங்கள் டேங்கில் துகள் அடியில் போய்ப் படிந்துவிட்டது. ஜாபில், அதாவது கோட்டிங் போடவேண்டிய பாகத்தில், ஏறவேண்டிய நிக்கல் அந்தப் படிவின் மேல் ஏறி, கரைசலே கெட்டுப்போனது.

ஆராய்ச்சியாளருக்கு நாலரை. தன் முனைவர் பட்ட மாணவியோடு வந்தவர், டேங்க் ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். முதலில் வாய் திறந்தது மாணவிதான்: "துகளை அப்படியே கொட்டாதீங்க சார். சர்ஃபாக்டன்ட்டோட தனியா குழைச்சு, நல்லா நனைஞ்ச பிறகு ஊத்துங்க, கட்டி தட்டாது." சர்ஃபாக்டன்ட் என்பது துகளை நனையவைக்கும் சோப்பு மாதிரியான பொருள். லேபில் தினமும் செய்வது என்பதால் அதை யாரும் குறிப்பில் எழுதவே இல்லை. கரைசலை அடியிலிருந்து இழுத்து மேலே விடும் பம்ப், ஜாபை மெல்லச் சுழற்றும் ரேக், இரண்டையும் பேராசிரியர் எங்கள் ஃபிட்டரோடு உட்கார்ந்து வரைந்தார். நாங்கள் கோட்டிங் போடும் வார்ப்பில் இருக்கும் நுண்துளை, லேபின் பாலிஷ் போட்ட தகட்டில் கிடையாதே! ஃபிட்டர் அதைச் சொல்லச் சொல்ல இவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் நூற்றுக்கணக்கான கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்த கோஹன்-போயர் மரபணுப் பேட்டன்ட் (மரபணுவை வெட்டி ஒட்டும் முறைக்கானது) போல, வாங்குகிறவருக்கே நுட்பம் கைவந்திருந்தால் காகிதம் போதும். அது அபூர்வம். பொருளாதார ஆய்வாளர்கள் ஜென்சனும் தர்ஸ்பியும் அமெரிக்காவின் 62 பல்கலைக்கழகங்களில் எடுத்த ஆய்வு 2001-இல் வெளியானது. லைசென்ஸ் ஆகிறவற்றில் பெரும்பாலானவை கண்டுபிடித்தவர் கூட நிற்காமல் சந்தைக்குத் தேறாது என்கிறது.

அரை மார்க் குறைத்தது, தேர்வுக் காலத்தில் ஆள் கிடைக்காததற்கு. தொழிற்சாலையில் நிற்கும் நேரம் பதவி உயர்வுக் கணக்கில் வராதாம், கட்டுரைதான் வருமாம். அதற்கு அவர் என்ன செய்வார்?

வாங்கப் போகிறவர்கள் ராயல்டி சதவீதத்துக்கு மல்லுக்கட்டுவதைவிட, ஆராய்ச்சியாளர் எத்தனை நாள் நேரில் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கூட வரும் மாணவர் எப்போது பட்டம் முடித்துக் கிளம்புகிறார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.