கோடி ரூபாய் ஹெட்ஜ் ஃபண்டா, சாதா ஆர்பிட்ரேஜா?

பூர்வீக நிலம் விற்றதில் என் பங்காக ஒரு கோடிக்குச் சற்று மேல் வந்தது. பணம் கணக்கில் ஏறிய மறுவாரமே வங்கியின் ரிலேஷன்ஷிப் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். கொண்டுவந்தது மூன்றாம் வகை ஏஐஎஃப் (மாற்று முதலீட்டு ஃபண்ட்), லாங்-ஷார்ட் உத்தி. இந்தியாவில் ஹெட்ஜ் ஃபண்ட் என்றால் இதுதான். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி குறைந்தது 1 கோடி போட வேண்டும். நான் கடைசியில் போட்டது ஆர்பிட்ரேஜ் மியூச்சுவல் ஃபண்டில்.

லாங்-ஷார்ட் தெரிந்த கதைதான்: ஏறும் என்று நினைப்பதை வாங்குவது, இறங்கும் என்று நினைப்பதை ஃபியூச்சர்ஸில் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) விற்பது, அதாவது ஷார்ட் போவது. மேனேஜர் கெட்டிக்காரர் என்றால் சந்தை விழும்போதும் காசு பார்க்கலாம். கணிப்பு தப்பினால் இரண்டு பக்கமும் அடி.

ஆர்பிட்ரேஜில் கணிப்பே கிடையாது. ஒரு பங்கு 1,000 ரூபாய், அதன் ஃபியூச்சர்ஸ் 1,006 என்றால் பங்கை வாங்கி ஃபியூச்சர்ஸை விற்றுவிடுவார்கள். ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி அன்று இரண்டு விலையும் ஒன்றாகிவிடும். நடுவில் பங்கு 900க்குப் போனாலும் 1,100க்குப் போனாலும் செலவு போக அந்த 6 ரூபாய் நமக்கு. சுவாரஸ்யமே இல்லாத முதலீடு, ஒப்புக்கொள்கிறேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது வரி. மூன்றாம் வகை ஏஐஎஃப்பில் வரியை ஃபண்டே கட்டுகிறது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் லாபம் பொதுவாக வணிக வருமானமாகக் கொள்ளப்பட்டு உச்ச விகிதத்தில், சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும் சேர்த்து 40 சதவீதத்தை ஒட்டிப் போய்விடும். நான் 20 சதவீத ஸ்லாபில் இருப்பது அங்கே கணக்கிலேயே வராது. நான் ஒரு ரூபாய்கூட எடுக்காவிட்டாலும் வரி உண்டு. ஃபண்ட் 14 சதவீதம் சம்பாதிக்கிறது, எல்லாம் ஃபியூச்சர்ஸ் லாபம் என்று வையுங்கள். கட்டணம் 2 போனால் 12, வரி போனால் 7 சொச்சம். லாபத்தில் பங்கு கேட்கும் ஃபண்ட் என்றால் இன்னும் குறையும். (பங்கை வைத்திருந்து விற்ற லாபத்துக்கு வரி இவ்வளவு இல்லை, ஆனால் ஷார்ட் பக்கம் முழுக்க ஃபியூச்சர்ஸ்தானே?)

ஆர்பிட்ரேஜ் ஃபண்ட் 65 சதவீதத்துக்குக் குறையாமல் பங்குகளை வைத்திருப்பதால் ஈக்விட்டி (பங்கு) ஃபண்டுக்கான வரி. எடுத்தால்தான் வரி. ஒரு வருடம் தாண்டி எடுத்தால் 12.5 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 1.25 லட்சம் லாபத்துக்கு மேல் போனால்தான். 7 சதவீதம் வந்தால் 6க்கு மேல் கையில் நிற்கும். அந்த ஒரு சதவீதத்துக்காக ஒரு கோடியை ஒருவரின் கணிப்பில் கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை.

ஆர்பிட்ரேஜும் சொக்கத் தங்கம் இல்லை. 2020 மார்ச்சில் ஃபியூச்சர்ஸ் விலை பங்கு விலைக்குக் கீழே இறங்கியது; அந்த மாதம் சில நாள் என்ஏவியும் (யூனிட்டின் மதிப்பு) சறுக்கியது. அப்போது என் பணம் அதில் இல்லை. இருந்திருந்தால் பதறியிருப்பேனோ என்னவோ.

அப்புறம், 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த எஸ்ஐஎஃப் (சிறப்பு முதலீட்டு ஃபண்ட்): 10 லட்சம் போதும், மியூச்சுவல் ஃபண்ட் மாதிரியே வரி, ஃபண்டின் 25 சதவீதம் வரை ஷார்ட் போகலாம். ஏஐஎஃப்பில் இருந்த வரிச் சிக்கல் இதில் இல்லை என்பதால் ஒரு 10 லட்சத்தை மட்டும் அதில் போட்டிருக்கிறேன். இதில் என் பணம் இருக்கும்போது பெரிய சரிவு எதையும் நான் பார்த்ததில்லை. போடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.