ஹட்டன் மழையில் பீனிசம்: எங்கே காட்டினோம்?

கனடாவில் பள்ளி விடுமுறை விடும் ஜூலை மாதம்தான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும். இந்தத் தடவை போன கையோடு சளி பிடித்து, குனிந்தால் கன்னம் கனத்து மேல்வரிசைப் பல்லெல்லாம் வலித்தது. "பீனிசந்தான் தம்பி" என்றார் அத்தை. சைனஸ் அழற்சியைத்தான் அப்படிச் சொல்வது.

முதலில் டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரி. காசு வாங்கிய வேகத்திலேயே மாத்திரையும் வந்தது. சின்னக் கடதாசிப் பையில் காலை, இரவு என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை. அன்டிபயோட்டிக் இருக்கிறதா என்றால், "எல்லாம் இருக்கு" என்று பதில்!

அப்புறம் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்திய உதவியில் கட்டி 2017இல் திறந்தது, ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு) இலவசம். டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறியது, கேள்விகள் தடுமாறவில்லை. எத்தனை நாள்? குறைந்துவிட்டுத் திரும்பக் கூடியதா? காய்ச்சல் உண்டா? கன்ன எலும்பை அழுத்திப் பார்த்தார். பெரும்பாலும் இது வைரஸ், தானாகவே அடங்கும் என்றார். 10 நாளாகியும் குறையாவிட்டால், குறைந்து மறுபடி கூடினால், அல்லது கடும் காய்ச்சலும் முகவலியும் மூன்று நான்கு நாள் விடாவிட்டால்தான் அன்டிபயோட்டிக் யோசிப்பார்களாம். சளி பச்சையாக வருவது மட்டும் காரணமாகாது. பனடோல் (பாராசிட்டமோல்), கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைத்து மூக்குக் கழுவுதல், அவ்வளவுதான். பார்மசியில் விற்கும் அடைப்பு நீக்கும் ஸ்ப்ரேயை சில நாளுக்கு மேல் அடித்தால் அடைப்பு இன்னும் மோசமாகத் திரும்புமாம். கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை இரட்டித்தால், கழுத்து விறைத்தால் உடனே வரச் சொன்னார்.

எனக்கு இத்தோடு சரி. கூட வந்த அத்தையின் கதைதான் பெரிது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அடுப்பில் விறகுப் புகை. மாதக்கணக்காக மூக்கடைப்பு, கருவாடு பொரிக்கும் வாசனைகூடத் தெரிவதில்லை. 12 வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட பீனிசம் என்று, கண்டி ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக் கடிதம் தந்தார் டொக்டர்.

கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வேலை நாளில் கண்டிக்குப் போனால் அத்தைக்குத் தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் டொக்டர் யாரையாவது சேனல் பண்ணலாமா (தனியாரில் காசு கட்டி நேரம் எடுக்கலாமா) என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.